கும்பிட மறந்த லாரி

அத்தியாயம் 4

முதலாளி செத்த வாரம், அந்த லாரி ஷெட்டில் கண் கலங்கியிருந்தவன் ஒரே ஒருவன்தான். அவனும் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

இதை மேடத்தின் காதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு மேடம் சிரித்த நாள் என்று ஒன்று இருந்தால், அன்றைக்கு நான் லீவில் இருந்திருக்க வேண்டும். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளை ஆராய்ந்தவர் அவர். நசுங்கிய தகரத்தைத் தடவிப் பார்த்தே யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். நான் அவருடைய உதவியாளன். பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயரை அவர் ஒருநாளும் உபயோகித்ததில்லை. வாயாடி என்றுதான் கூப்பிடுவார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் தூண் இருந்தது. தூணின் அடிப்பக்கத்தில் கறை. கழுவியிருந்தார்கள். ஆனால் யாரும் மனசு வைத்துக் கழுவவில்லை என்பது தெரிந்தது.

"இங்கதான் நாற்காலி போட்டு உக்காருவார்," என்றார் மேஸ்திரி. ஷெட்டில் லோடு ஏற்றுவது இறக்குவதெல்லாம் அவர் பொறுப்பு. "தினமும் காலைல."

"எதுக்கு?" என்றார் மேடம்.

"கும்பிடு வாங்கறதுக்கு."

விஷயம் இதுதான். முதலாளியின் புது லாரிக்கு மூக்கில், முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால், ஒரு ரேடார் சென்சார் உண்டு. முன்னால் ஆளோ வண்டியோ இருந்தால் கீச் கீச்சென்று கத்தும். அதற்கும் டிரைவர் அசையாவிட்டால் லாரி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். அப்படி நிற்கும்போது அதன் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிமிரும். ஊரில் மற்றவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு வசதி. முதலாளிக்கு அது மரியாதை. தினமும் லாரி கிளம்புவதற்கு முன்னால் தூணை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். டிரைவர் லாரியை கியரில் போட்டுவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் பக்கம் கால் போகக் கூடாது. லாரி தானாக ஊர்ந்து வந்து, கத்தி, நின்று, மூக்கைத் தாழ்த்தும். "பாத்தியா, கும்பிடுது" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போவார்.

ஒரு நாள் அது கும்பிடவில்லை. நாற்காலியோடு சேர்த்து அவரைத் தூணில் வைத்து அப்பிவிட்டது.

"டிரைவர் காலை மடக்கித்தான் வச்சிருந்தானா?"

"கதவைத் திறந்து வச்சு, கூடவே நடந்து வந்து பாக்கறதே என் வேலைதான் மேடம். நான் காலை மட்டும்தான் பாப்பேன். முதலாளி உத்தரவு அப்படி. சத்தியமா மடக்கித்தான் இருந்துச்சு."

போலீஸ் இதை நம்பத் தயாராக இல்லை. டேஷ்போர்டில் ஒரு எரர் கூட இல்லை, ஆகவே ரேடார் நன்றாக இருக்கிறது, ஆகவே டிரைவர்தான் ஏதோ ஸ்விட்சை அணைத்திருக்கிறான், ஆகவே கொலை. இன்ஸ்பெக்டர் டிரைவரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். டிரைவரின் மனைவி எங்களிடம் வந்தாள். வண்டிக்குத்தான் கண் தெரியவில்லை என்று நாங்கள் காட்டிவிட்டால் அவள் புருஷன் வீட்டுக்கு வருவான். காட்டாவிட்டால் அவன் கிழவனாகித்தான் வருவான்.

"முதலாளி மேல அவனுக்குக் கோவம் உண்டா?" என்றார் மேடம்.

"டயபருக்கா? அவன் வாயில்லாப் பூச்சி மேடம்."

"யாருக்கு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "டிரைவரை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம். வண்டி வந்த புதுசுல முதலாளியோட சிநேகிதங்க வந்திருந்தாங்க. அவங்களுக்கு வேடிக்கை காட்ட இவனை நாற்காலில உக்கார வச்சு முதலாளியே ஓட்டினார். பக்கத்துல வந்ததும் சும்மா விளையாட்டுக்கு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சார். வண்டி நின்னுடுச்சு. ஆனா இவன் பேன்ட் நனைஞ்சு போச்சு. மறுநாள் முதலாளி ஒரு டயபர் பாக்கெட்டை ஸ்டீரிங்ல கட்டித் தொங்கவிட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"நீங்களுமா?"

"முதல்ல சிரிச்சதே நான்தான்," என்றார் மேஸ்திரி, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நசுங்கிய தகரத்தைப் பார்க்கிற அதே பார்வை.

"வண்டில சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"கிரில் மட்டும் மாத்தினோம். பழசு விரிஞ்சு போச்சுன்னு முதலாளி பளபளன்னு புதுசு வாங்கினார். மாட்டினதும் மஞ்ச விளக்கு எரிஞ்சுது, முன்னாடி ரேடார் மறைஞ்சிருக்குன்னு. எலக்ட்ரீசியன்கிட்ட அனுப்பி சரி பண்ணியாச்சு."

மேடம் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் பாதிப் பேச்சில் நடக்க ஆரம்பித்தால் வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் ஓடுவது என் வேலை.

எலக்ட்ரீசியனின் பட்டறையில்தான் லாரி நின்றது. ஸ்டேஷனில் அவ்வளவு பெரிய சாமானை வைக்க இடமில்லை என்று போலீஸ் அங்கே நிறுத்தி, காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளையும் போட்டிருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கடமையைக் கனவில் செய்துகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் அனுமதியைக் காட்டியதும் ஒரு கண்ணைத் திறந்து, தலையாட்டி, மூடிக்கொண்டார்.

"என் மேல பழி போடாதீங்க மேடம்," என்று எலக்ட்ரீசியன் வணக்கத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்தார். "நான் ஒழுங்காத்தான் செஞ்சேன். புது கிரில்லுல, ரேடாருக்கு நேர் முன்னாடி குரோம் பூசின மூடி ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பூச்சைத் தாண்டி ரேடாரால பாக்க முடியாது. அதான் எரர். அதைக் கழட்டிட்டு சாதாரண பிளாஸ்டிக் மூடி போட்டேன். கிரில் மாட்டினவன் சென்சாரை வேற சாய்ச்சு வச்சிருந்தான், அது வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நேராக்கி, லேப்டாப்பை மாட்டி அளவு சரி பண்ணி, எரரை அழிச்சேன். வேற ஒரு லாரிக்குப் பின்னாடி ஓட்டிப் பாத்தேன், நின்னுச்சு. ஆளை நிக்க வச்சு ஓட்டிப் பாத்தேன், நின்னுச்சு. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

"நீங்க போட்ட மூடி என்ன கலர்?"

"கறுப்பு."

மேடம் கிரில்லைக் காட்டினார். ஓரமெல்லாம் விரிசல் விட்டிருந்தது. நடு மூடி மட்டும் அடிபடாமல் வெள்ளியாகப் பளபளத்தது.

எலக்ட்ரீசியன் வாயைப் பிளந்தார். "எந்தப் பாவி இதுக்கு வெள்ளி பெயின்ட் அடிச்சான்?"

மேடம் மேஸ்திரிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஆமா மேடம்," என்றது மேஸ்திரியின் குரல். "பளபளன்னு கிரில் வாங்கி நடுவுல கறுப்பா இருந்தா முன்பல்லு விழுந்த கிழவி மாதிரி இருக்குன்னு முதலாளி கத்தினார். டயபரைத்தான் வெள்ளி அடிச்சுட்டு வரச் சொன்னார். மறுநாள் காலைலதான் இப்படி ஆயிடுச்சு."

"ஆக முதலாளி தன் சாவுக்குத் தானே பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பியிருக்கார்," என்றேன். "கலர் கூட அவரே செலக்ட் பண்ணியிருக்கார்."

"வெள்ளி பெயின்ட்ல அலுமினியத் தூள் இருக்கும்," என்றார் எலக்ட்ரீசியன். "ஆனா ஒண்ணு இடிக்குது மேடம். ரேடார் மறைஞ்சா எரர் வரணுமே? முன்னாடி வந்துச்சே?"

மேடம் மூடியை நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். "குரோம் முழுக் குருடாக்கிடுச்சு, அதனால கத்துச்சு. இது ஒரே ஒரு பூச்சு. அரைக்குருடு. லாரி மாதிரி பெரிய இரும்பு முன்னாடி போனா தெரியும். அதனால தனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கும். ஆனா மனுஷன் இரும்பு இல்லையே."

"முதலாளி தன்னை இரும்பு மனுஷன்னு சொல்லிக்குவாராம். ரேடாருக்கு மட்டும் அது தெரியாம போச்சு."

"வாயாடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துட்டு வா."

கொண்டுவந்தேன்.

"உக்காரு."

"மேடம், எனக்கு வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க."

"தெரியும். போன வாரம் பேசினேன். அவங்களுக்கு ஆட்சேபனை இல்ல."

முதலில் பட்டறையில் நின்ற இன்னொரு லாரியின் பின்பக்கத்தை நோக்கி ஓட்டினார்கள். எலக்ட்ரீசியன் பிரேக்கின் மேல் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, அழுத்தாமல் விட்டார். கீச் கீச்சென்று கத்தல், பிரேக், மூக்கு தாழ்ந்தது. கச்சிதம். அடுத்தது நான். லாரி ஊர்ந்து வந்தது. கத்தவில்லை. வந்துகொண்டே இருந்தது. அதன் மூச்சு என் முகத்தில் பட்டது. கடைசியில் எலக்ட்ரீசியன் பிரேக்கை மிதித்தார். கிரில் என் மூக்குக்கு எதிரே நின்றது. எதிரே என்றால் எதிரே. அதிலிருந்த பூச்சிகளின் பிணங்களை ஒவ்வொன்றாக என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது.

வெள்ளி மூடியைக் கழற்றி உறையில் போட்டு, வேறொரு கறுப்பு மூடியை மாட்டினார்கள். மறுபடியும் நான். இந்தத் தடவை லாரி தூரத்திலேயே கத்தியது, நின்றது, மூக்கைத் தாழ்த்தி என்னைக் கும்பிட்டது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை. எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது. அந்த டிரைவரைப் பார்த்து சிரித்தவர்களை வரிசையாக இங்கே உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது.

மேடம் இன்ஸ்பெக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் இன்ஸ்பெக்டர் நீளமாகப் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. மேடத்தின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டிரைவரை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

டிரைவரின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. ஒரே அறை. அவன் மனைவி வீட்டில் உட்கார்ந்து ஸ்கூல் பைகளுக்குப் பட்டை தைப்பவள். அறை முழுக்கப் பட்டை இல்லாத பைகள் குவிந்து கிடந்தன. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். பைகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் பண்ணி, டீ போட்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா," என்றாள், டம்ளரை நீட்டியபடி. "அந்த வண்டி சரியில்லன்னு. என் மேலயே ஏறப் பாத்துச்சு."

மேடம் டம்ளரை வாங்கவில்லை. "எப்போ?"

"பெயின்ட் அடிச்சுட்டு வந்த அன்னிக்கு சாயங்காலம். பின்னாடி காலி மனைல வண்டியை நிறுத்திட்டு, வந்து பாரு, உனக்கு இது கும்பிடு போடும்னு கூப்பிட்டார். போய் முன்னாடி நின்னேன். நேரா வந்துச்சு. என் புடவைல உரசிட்டு நின்னுச்சு."

"கீச் கீச்னு கத்துச்சா?"

"ஒரு சத்தமும் இல்லக்கா. அவர்தான் பிரேக் போட்டார்."

"அப்புறம்?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுன்னார். திரும்பவும் அதேதான். நான் பயந்து கத்திட்டேன். அவர் என்னமோ யோசிச்சுக்கிட்டே..." அவள் நிறுத்திக்கொண்டாள். நீட்டிய டம்ளர் இன்னும் நீட்டியபடியே இருந்தது. நான்தான் அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "அப்போ அந்த வண்டி ஆளுக்கு நிக்காதுன்னு முந்தின நாளே அவருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுதான் மறுநாள் ரெண்டு காலையும் மடக்கி உக்காந்திருக்கார்."

"இல்லக்கா. அது விளையாட்டு."

"ஷெட்டுல அவரை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். "அந்தப் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். துணிக்கு அடில வச்சிருக்கார். தூக்கிப் போடுன்னு சொன்னதுக்கு அடிக்க வந்தார்." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "ஆனா அவருக்குத் தெரியாதுக்கா! கேளுங்க. கடைசியா, நாற்காலி போடறேன் உக்காருன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. போய்யா, உனக்கு வேற வேலையில்லன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். நின்ன ஆளைத்தான் அவர் பாத்தார். உக்காந்த ஆளை வச்சுப் பாக்கவே இல்ல. முதலாளி உக்காந்துதானே இருந்தார்?"

அந்தப் பெண் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தாள், அதுவும் நல்ல ஓட்டை. உட்கார்ந்தால் வண்டி நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன் என்று அவன் சொன்னால் எந்த வக்கீலும் அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்துவிடுவார்.

"நீங்க நான் வச்ச ஆளுக்கா," என்றாள் அவள். அழுகை போய்விட்டிருந்தது. "பெயின்ட் விஷயத்தை மட்டும் எழுதிக் குடுங்க. இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கேட்டா அப்படி நடக்கவே இல்லம்பேன். அந்த ஆளு என் புருஷனை மனுஷனாவே நடத்தல. செத்தான். நல்லதுதான். என் பொண்ணுக்கு அப்பா வேணும்."

எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. மறைக்காமல் சொல்கிறேன். எழுந்து போய்விடலாம் மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது அவளுடைய பெண் ஸ்கூலிலிருந்து வந்தது. ஏழு, எட்டு வயசு இருக்கும். பையை மற்ற பைகளோடு எறிந்துவிட்டு எங்களைப் பார்த்தது.

"யாரும்மா?"

"அப்பாவை வெளிய கொண்டு வர்றவங்க," என்றாள் தாய், மேடத்தைப் பார்த்தபடி. "நாளைக்கு அப்பா வந்துடுவார்."

பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வந்ததும் திரும்ப நாற்காலி விளையாட்டு விளையாடலாமா?"

"எந்த நாற்காலி விளையாட்டு?"

"நீ கோவிச்சுக்கிட்டு உள்ள போயிட்டியே, அன்னிக்குத்தான். அப்பா என்னை நாற்காலில உக்கார வச்சு லாரியை ஓட்டினார். ஆடாம உக்காந்தா சாக்லெட்னார். நான் ஆடவே இல்ல."

மேடம் ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அப்பா காலை எங்க வச்சிருந்தார் கண்ணு?"

"மேல மடக்கி வச்சிருந்தார். கதவு திறந்திருந்துச்சு, நான் எட்டிப் பாத்தேன். கிட்ட வந்ததும் கையால ஒரு குச்சியை இழுத்தார். நின்னுடுச்சு."

ஹேண்ட்பிரேக். காலை மடக்கிக்கொண்டே, ஒரு கையால் அந்த லாரியை நிறுத்த அவனால் முடியும். முதலாளியின் உத்தரவுப்படி மேஸ்திரி அவன் காலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். கையை யாரும் பார்க்கவில்லை.

"முதல் தடவை சரியா நின்னுச்சு," என்றது பெண். "ரெண்டாவது தடவைதான் கொஞ்சம் லேட்டா இழுத்துட்டார்."

தாய் பெண்ணை இழுத்து முன்னால் நிறுத்தி, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். இரண்டு முழங்காலிலும் ஒரே உயரத்தில், ஆறி மஞ்சளாகிக்கொண்டிருந்த காயம்.

"ஸ்கூல்ல விழுந்தேன்னு சொன்னியே?"

"அப்பா அப்படிச் சொல்லச் சொன்னார்."

தாய் அந்தக் காயத்தைப் பெருவிரலால் தடவினாள். மெஷினில் பாதி தைத்து நின்ற பட்டையை வெளியே இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டாள்.

"வாங்கக்கா, ஸ்டேஷனுக்குப் போலாம். அவரை விட்டுட வேணாம்னு சொல்லுங்க," என்றாள். "விட்டா, அவர் நேரா இங்கதான் வருவார்."